வீட்டில் இருவர்

மங்கையின் வீட்டு வாசல் சுவரில் ஓர் எண் எரியும். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அது ஒன்று. சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது இரண்டு. அந்த வீட்டில் ஆறு வருஷமாக அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது கெடிலக் கரையில் இருந்த தென்றல் நகர் முழுக்கத் தெரியும். அந்த எண்ணுக்கு மட்டும் தெரியாது.

"என்ன மங்கை, உன் வீட்டுக்காரர் இன்னைக்கும் வெளிய தலை காட்டலியா? ஒரே ரூமுக்குள்ள அடைஞ்சு கெடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பாள் எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா.

"தூங்குறார் அக்கா. எழுப்பிடாதீங்க."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் மங்கையின் சிரிப்பு மட்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

கடலூரில் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்போதெல்லாம் 'காது' என்கிற கருவி இல்லாமல் காப்பீடு கிடைப்பதில்லை. அஸ்திவாரத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, மாடிச் சுவரில் ஒன்று என்று காப்பீடு கொடுக்கும் நிலையகம் நிறுவனத்தார் வந்து பதித்துவிட்டுப் போவார்கள். பூமி லேசாக நடுங்கினாலும், தரைக்கு அடியில் ஈரம் ஏறினாலும் அதற்குக் கேட்டுவிடும். வீட்டுக்குள் மனிதர்கள் பேசுவதை அது கேட்கக் கூடாது என்று சட்டம். வாசற்படியில் மட்டும் கேட்கலாம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குரலை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று படகுக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

அவள் கணவன் குணாளன் வீட்டை விட்டுப் போன மறுவருஷம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். ஆதிரை என்று பெயர் சொன்னாள்.

"மேடம், உங்க வீட்ல எத்தனை பேருன்னு ஒரு தடவை உறுதிப்படுத்திடுங்க. நம்ம காதுல ஒரு கோளாறு இருந்திருக்கு."

"என்ன கோளாறு?"

"சொன்னா சிரிப்பீங்க. நம்ம ஆளுங்க கிளம்பும்போது 'வரேன்'னு சொல்லிட்டுத்தானே கிளம்புவாங்க? இதைச் செஞ்சவங்களுக்குத் தமிழ் தெரியாது. அகராதியப் பார்த்துச் சொல்லிக் குடுத்திருக்காங்க. யாராவது 'வரேன்'னா, வந்துட்டாங்கன்னு எழுதிக்கிச்சு. மயிலாடுதுறைல ஒரு வீட்ல நாப்பது பேருக்கு மேல காட்டுது மேடம். சிலிண்டர் போட வந்தவரு, பத்திரிகை வைக்க வந்தவங்க, எல்லாரும் உள்ளயே இருக்காங்க. யாருமே வெளிய போகல!"

மங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள்.

"இப்ப சரி பண்ணியாச்சு. 'போ'ங்கற சொல் வந்தாத்தான் கழிக்கும். ஆனா பழைய கணக்கை அவங்கவங்களேதான் பார்த்துச் சொல்லணும். உங்க வீட்ல ரெண்டுன்னு இருக்கு. நீங்களும் சாரும். சரிதானே மேடம்?"

ஒரு நொடிதான் ஆனது.

"சரிதான்" என்றாள் மங்கை.

அந்தப் பொய்க்கு அவளிடம் நல்ல காரணம் இருந்தது. காப்பீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. இரண்டு பேரும் குடியிருந்தால்தான் அது வீடு. ஒருவர் விலகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து மதிப்பிடுவார்கள். ஆற்றங்கரையில் மறுமதிப்பீட்டுக்கு வந்த எந்த வீடும் தேறியதில்லை. காப்பீடு இல்லாத வீடு இடிந்தால் திரும்பக் கட்ட அனுமதி கிடையாது. இடம் ஆற்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெண் கூப்பிட்டுக் கேட்கும்போது இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டுதான் மங்கை 'சரிதான்' என்பாள்.

ஆனால் மஞ்சக்குப்பத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பும் காலை வேளையில், வீட்டைப் பார்த்துப் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டு அந்த ஒன்றை ஒரு தடவை பார்ப்பாளே, அப்போது இந்தக் காரணங்களில் ஒன்றும் அவள் நினைவில் இருக்காது. வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற எண்ணம் ஒன்றுதான் இருக்கும். சாவியைக் கைப்பையில் போடும்போது விரல் கொஞ்சம் இளகும்.

குணாளனோடு கடைசிச் சண்டை வீட்டைப் பற்றித்தான் வந்தது. அந்த வருஷம் ஒரு நிலநடுக்கம் சமையலறைச் சுவரை மேலிருந்து கீழாகக் கீறிவிட்டுப் போயிற்று. சுவரைப் பூசி முடிப்பதற்குள் கெடிலம் கூடம்வரை வந்து எட்டிப் பார்த்தது. குணாளன் நெய்வேலியில் ராட்சத பம்புகளைப் பழுது பார்க்கிறவன். தண்ணீர் எப்படித் தள்ளும் என்பது அவன் தொழில்.

"மண்ணும் தள்ளுது, தண்ணியும் தள்ளுது. போதும். நெய்வேலிலயே வீடு பார்த்துடலாம்" என்றான்.

"பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக்கூட ஒரு வாரம் சண்டை போட்டோம். விட்டுட்டு வான்னா எப்படிங்க வர்றது?"

"வீடுதான் முக்கியமா உனக்கு?"

"ஆமா. வீடுதான் முக்கியம். போறதுன்னா நீங்க போங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே திடுக்கென்றது. கடைக்குக் கிளம்புகிறவரிடம்கூட யாரும் 'போங்க' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாங்க' என்றுதான் வாயில் வரும். அவன் வாசற்படியில் நின்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "சரி, வரேன்" என்றான்.

தினமும் 'போயிட்டு வரேன்' என்கிறவன் அன்றைக்கு முன்பாதியை விட்டுவிட்டான். அது வெறும் பழக்கத்தில் வந்த சொல்லா, இல்லை வருவேன் என்று நிஜமாகவே சொன்னானா? ஆறு வருஷமாக அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அவளுக்கு விடை கிடைக்கவில்லை. நெய்வேலி ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர் தாண்டினால் வந்துவிடும். அவள் போகவில்லை. அவன் வரவில்லை. முதல் வருஷம் கோபம், இரண்டாம் வருஷம் வீம்பு, அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்கிற கூச்சம். விலகிக் கிடக்கிறவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். அவன் சொன்ன சொல்லை அப்படியே நம்பியது உலகத்தில் அந்தக் காது ஒன்றுதான்.

*

ஐப்பசிக் கடைசியில் விடாமல் மழை பிடித்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த காலையில், கெடிலம் தெருவுக்குள் நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தது. மங்கை துணிப்பையில் நான்கு உடுப்பையும் போனையும் பாலிதீனில் சுற்றி எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறுவதற்குள் கீழே கூடத்தில் நாற்காலிகள் மிதக்கத் தொடங்கிவிட்டன.

போனில் செய்தி வந்தது. 'வீட்டில் இருவர். மாடிக்குச் செல்லவும். படகு வருகிறது.'

எதிர் மாடியில் நூரக்கா குடையைத் தன் வீட்டுக்காரர் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜமால் பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முந்தின நாளே டயாலிசிஸுக்குப் போயிருக்க வேண்டியவர். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

"அக்கா, பாய்க்கு எப்படி இருக்கு?"

"மூச்சு வாங்குதுடி. படகு வந்துடும்ல?"

வந்தது. தேவனாம்பட்டினத்து மீன்பிடிப் படகு. பின்னால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நரைத்த மீசையோடு ஏழுமலை. முன்னால் அவருடைய தம்பி கலியமூர்த்தி, இடுப்பில் கயிறு. கழுத்தில் தொங்கிய கருவியைத் துடைத்துப் பார்த்தான் அவன்.

"மொதல்ல இந்த வீடுண்ணே. ரெண்டு பேரு."

"என்னை அப்புறம் ஏத்துங்க. எதிர் வீட்ல உடம்பு முடியாதவர் இருக்கார், அவரை முதல்ல பாருங்க" என்று மங்கை கத்தினாள்.

"அது எங்க கையில இல்ல தங்கச்சி" என்றார் ஏழுமலை. "இந்த மிசின் வரிசை போட்டுக் குடுக்கும். ஒரு வூட்டுக் கணக்கு நேரானாத்தான் அடுத்த வூடு. போன வெள்ளத்துல பண்ருட்டி பக்கம் ஒரு வூட்ல படுத்த படுக்கையா இருந்த ஆளை வுட்டுட்டு வந்துட்டாங்க. அதுலேர்ந்து இந்தச் சட்டம். கணக்கு நேராவாம நகந்தா கேஸு. எறங்கும்மா, சீக்கிரம். உன் வூட்டுக்காரரு எங்க?"

மங்கை படகில் இறங்கினாள். கருவியில் இரண்டு ஒன்றானது.

"எங்கம்மா? மேல காணோமே. கீழயா? கீழயா இருக்காரு?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத ஓர் ஆட்டல். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இல்லை என்று சொன்னால் வீடு போய்விடும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அதைவிடச் சின்னதாக, சிறுபிள்ளைத்தனமாக ஏதாவது நினைத்திருக்கலாம். கலியமூர்த்தி அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மாடிப்படி வழியாக இறங்கி, இடுப்பளவு, மார்பளவு, பிறகு முழுசாகத் தண்ணீருக்குள் போய்விட்டான்.

கயிறு ஏழுமலையின் கைக்குள் நழுவிக்கொண்டே போயிற்று.

எதிர் மாடியில் நூரக்கா. அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு அவள் வாசலுக்கு வந்துவிடும். அவள் சொல்லவில்லை. மங்கையைப் பார்த்தாள், தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள், மறுபடி மங்கையைப் பார்த்தாள். உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு குடையை மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். 'என் வீட்டுக்காரர் உயிரை வைத்து உன் வீட்டை நான் எப்படிக் கேட்பேன், நீயே பார்த்துச் சொல்' என்று அந்த முகம் கேட்டது.

கலியமூர்த்தி மேலே வந்தான். நெற்றியில் ஏதோ இடித்து ரத்தம்.

"படுக்கையறைல இல்லண்ணே. பின்பக்கம் ஒரு ரூம் பூட்டியிருக்கு. இன்னொரு முழுக்கு போறேன்."

"வேணாம்!" என்றாள் மங்கை. "போகாதீங்க. உள்ள யாரும் இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"யாரும் இல்லண்ணா. நான் மட்டும்தான்."

ஏழுமலை அவளை ஒரு மாதிரி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கருவியை வாங்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுகிட்ட சொல்லு. நீ சொன்னாத்தான் எடுத்துக்கும்."

"அவர் இங்க இல்ல" என்றாள். எண் அசையவில்லை.

"அவர் வெளியூர்ல இருக்கார்." அசையவில்லை.

"அதுக்குப் போற வார்த்தை வேணும் தங்கச்சி" என்றார் ஏழுமலை. குரல் தணிந்திருந்தது. "போயிட்டாருன்னு சொல்லு. அப்பத்தான் கழிக்கும்."

நம் பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றி அந்தச் சொல்லை மொட்டையாகச் சொன்னால், கேட்கிறவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு 'எப்போ?' என்று கேட்பார். ஆறு வருஷத்தில் உறவினர், கூட வேலை செய்கிறவர்கள் என்று யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். நெய்வேலியில் இருக்கார், வேலை அதிகம், வருவார் என்று நூறு விதமாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை.

எதிர் மாடியில் பாயின் தலை தோளில் சாய்ந்தது.

"போயிட்டார்" என்றாள் மங்கை. "அவர் போயிட்டார்."

கருவியில் எண் பூஜ்யமாகி, நிறம் மாறியது. படகு திரும்பியது.

பாயை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நூரக்கா படகில் மங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"உங்க பக்கமெல்லாம் எப்படி இருக்குண்ணா?" என்று ஏதோ கேட்க வேண்டும் போலக் கேட்டாள் மங்கை.

"எங்க குப்பத்துல ஒரு வூட்டுக்கும் காது கெடையாது" என்றார் ஏழுமலை. "பணம் கட்டுனவங்க வூட்டுக்குத்தான் இந்தப் படகு. எங்களத் தூக்க யாரும் வரமாட்டாங்க. நாங்கதான் எல்லாரையும் தூக்குறோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மங்கையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

மஞ்சக்குப்பத்துக் கல்யாண மண்டபத்தில்தான் எல்லோரையும் தங்கவைத்திருந்தார்கள். பாயை ஆம்புலன்ஸில் ஏற்ற, நூரக்காவும் கூடப் போனாள். யாரோ கொடுத்த உப்புமாவைக் கையில் வைத்துக்கொண்டு மங்கை மேடையோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"மேடம், நிலையகத்துலேர்ந்து ஆதிரை பேசறேன். காலைல நீங்க ஒரு நீக்கம் சொல்லியிருக்கீங்க. சார் எப்போ..." அந்தப் பெண் தயங்கினாள். "எப்போ போனார் மேடம்?"

"ஆறு வருஷம் ஆச்சும்மா. சாகல. நெய்வேலில இருக்கார். நான்தான் உங்ககிட்ட வருஷா வருஷம் பொய் சொன்னேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஆனா மேடம்... ரெண்டு பேர் பேர்ல பாலிசி இருந்தா நாங்க ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாத்தான் கேப்போம். அவரையும் நான்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டு?"

"'அந்த வீட்லதான் இருக்கீங்களா சார்'னு கேப்பேன். 'ஆமா'ம்பார். ஒவ்வொரு வருஷமும். போன வருஷம் சும்மா பேச்சுக்கு, 'வீடெல்லாம் நல்லா இருக்கா சார்'னு கேட்டேன். 'கைப்பிடிச் சுவர்தான் கொஞ்சம் ஒசரம் பத்தல, அவ பேச்சைக் கேட்டிருக்கணும்'னார்."

மங்கை உப்புமாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னார்னு நீ கேக்கலியா?"

"உள்ள இருக்கேன்னு சொல்றவர்கிட்ட ஏன் உள்ள இருக்கீங்கன்னு எப்படி மேடம் கேக்கறது?"

தான் ஒருத்தி மட்டும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருப்பதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அதன் மறுமுனையை வடலூருக்கு அப்பால் ஒருவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்றைக்குக் காலையில் அவள் விட்டுவிட்டாள்.

"மேடம், இன்னொண்ணும் சொல்லணும். மன்னிச்சுக்கங்க. நீங்க சொன்னதும் பாலிசி முடிஞ்சிடுச்சு. இப்ப அது வீடு இல்ல, ஆளில்லாத கட்டடம். உள்ள..." அவள் பேச்சு நின்றது. "ஒரு நிமிஷம் மேடம்."

"என்னம்மா?"

"மேடம், உங்க வீட்ல யாரோ இருக்காங்க."

"யாரும் இல்ல. அதான் சொன்னேனே."

"இல்ல மேடம். ஆளிருக்கிற வீட்டுக்குள்ள கேக்கக்கூடாதுன்னுதான் சட்டம். ஆளில்லாத கட்டடம்னா சுவர் விரிசல் விடுற சத்தம் கேக்கறதுக்காக எல்லாத்தையும் திறந்துடுவோம். அஸ்திவாரத்துக் காது முழுகிடுச்சு. மாடிக் காது வேலை செய்யுது. அதுல நடக்கிற சத்தம் கேக்குது. ஒரு ஆம்பளைக் குரல் கூப்பிடுது. அரசி, அரசின்னு. உங்களுக்கு யாராவது..."

அவளுடைய முழுப்பெயர் மங்கையர்க்கரசி. ஊருக்கெல்லாம் அவள் மங்கை. மிச்சம் கிடந்த பின்பாதியை எடுத்துக்கொண்டவன் ஒருவன்தான்.

"எனக்குக் கேக்கணும்" என்றாள். "போடும்மா, எனக்குக் கேக்கணும்."

சட்டத்தில் அதற்கு இடம் இருந்ததோ என்னவோ. அந்தப் பெண் இணைத்துவிட்டாள். முதலில் தண்ணீர் சுவரில் மோதும் சத்தம். பிறகு ஈரக் கால் படி ஏறும் சத்தம். ஒரு கதவு தள்ளப்பட்டது. மாடி அறைக் கதவு, மழை நாளில் ஊறிப்போய் அழுந்தும் கதவு. "அரசி!" குளியலறைக் கதவு. "அரசீ!" அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தான். பிறகு குரல் இறங்கி, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றதுபோல் கேட்டது.

"ஏய், கோவமா இருந்தா அப்புறம் இரு. இப்ப ஒரே ஒரு தடவை குரல் குடு."

"நான் இங்க இருக்கேங்க" என்றாள் மங்கை போனுக்குள். "இங்க, மண்டபத்துல இருக்கேன்."

"அதுக்கு வாய் கிடையாது மேடம்" என்றாள் ஆதிரை. "கேக்க மட்டும்தான் தெரியும். நீங்க பேசறது அங்க போகாது."

அழைப்பை நிறுத்திவைத்து அவன் போனுக்கு அடித்துப் பார்த்தாள். தொடர்பு இல்லை. நனைந்துபோயிருக்கும்.

"அவர் எப்படி வந்தார்? எதுக்கு இப்ப?"

"வெள்ளச் செய்தி உள்ள இருக்கிற எல்லார் போனுக்கும் போகும் மேடம். 'வீட்டில் இருவர், மாடிக்குச் செல்லவும்'னு. கணக்குப்படி அவரும் உள்ளதானே இருந்தார்? அவருக்கும் காலைலயே போயிருக்கு. பார்த்ததும் கிளம்பியிருப்பார்."

வடலூர்ச் சாலை அறுந்திருக்கும். எத்தனை இடத்தில் நடந்து, எத்தனை இடத்தில் நீந்தி வந்தானோ. அவன் வழியில் வந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான் அவள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். ஆறு வருஷம் பொய்யாக இருந்த கணக்கை அவள் மெய்யாக்கிய அன்றைக்கே அவன் வந்து அதைப் பொய்யாக்கியிருக்கிறான்.

"படகு அனுப்பும்மா."

"பூஜ்யம் காட்டுற வீட்டுக்கு மிசின் படகு போடாது மேடம். பாலிசி இல்லாம என்னால எண்ணை ஏத்த முடியல. பார்த்துட்டேன், ரெண்டு தடவை பார்த்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "சமையலறைப் பக்கச் சுவர் விரிஞ்சுகிட்டு வர்றதும் கேக்குது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

மங்கை செருப்பில்லாமல் ஓடினாள். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர் தொடங்கும் இடத்தில் படகைக் கட்டிவிட்டு ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தியின் நெற்றியில் பிளாஸ்திரி.

"அண்ணா, என் வீட்டுக்குப் போகணும். அவர் அங்க இருக்கார்."

ஏழுமலை டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "காலைல இல்லாத ஆளைத் தேடித்தான் என் தம்பி மண்டைய ஒடச்சுக்கிட்டான். இப்ப இருக்காருங்கிறியா?"

"தப்புதாண்ணா. என்ன வேணா திட்டுங்க. இதைக் கேளுங்க."

போனை நீட்டினாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் கேட்டார்கள். உள்ளேயிருந்து அந்தக் குரல், இப்போது கம்மிப்போய், ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி அண்ணனைப் பார்த்தான். பிறகு கழுத்திலிருந்த கருவியைக் கழற்றி டீக்கடைக்காரரிடம் கொடுத்தான்.

"இதப் பத்திரமா வச்சுக்க. நாங்க கொஞ்ச நேரம் மீன் புடிக்கப் போறோம்."

"ஏறு தங்கச்சி" என்றார் ஏழுமலை.

தெருக்களின் மேல் படகு போயிற்று. மங்கை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மொட்டைமாடிக்குப் போயிட்டார் மேடம். இனிமே எனக்குக் கேக்காது" என்றாள் ஆதிரை. "நீங்க போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. கணக்குக்கு இல்ல. எனக்கு."

தென்றல் நகர் திருப்பத்தில் அவனைப் பார்த்துவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி, தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். முதுகு கொஞ்சம் கூன் போட்டிருந்தது. பின்தலையில் முடி குறைந்திருந்தது. இத்தனை வருஷம் அவள் மனசில் வைத்திருந்த ஆள் இவ்வளவு நனைந்தவனும் இல்லை, இவ்வளவு வயதானவனும் இல்லை.

"ஏங்க!" என்று கத்தினாள்.

படகுக்காகக் காத்திருந்த மூன்று மாடிகளில் மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

"ஏங்க! ஏங்க!"

"ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் அதான் பேரு" என்றான் கலியமூர்த்தி. "பேரச் சொல்லிக் கூப்புடு அக்கா!"

கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயர். பரிசோதனைக் கூடத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது எழுதிக்காட்டுவாளே தவிர வாயால் சொன்னதில்லை. அவள் படகில் எழுந்து நின்றாள். ஏழுமலை அவள் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"குணா!" என்றாள். பிறகு அடிவயிற்றிலிருந்து, "குணாளா!"

அவன் திரும்பினான்.

முதலில் வெறுமனே பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று புரியாதவன்போல் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு, உடைந்துபோன தொண்டையால் தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

"எங்கடி போயிட்ட நீ? வீடு பூரா தேடுறேன்!"